யந்திரக் கையின் நுனி

நம் பொதுப்பணித்துறையின் விலைப்பட்டியல்களில் மண் என்பது ஒரே பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை. மண்வெட்டி தானாக இறங்கும் மண்ணுக்கு ஒரு விலை, கடப்பாரையும் பிக்காசும் கேட்கும் கெட்டி மண்ணுக்கு வேறொரு விலை, சரளைக்கு மற்றொன்று, சிதைந்த பாறைக்கு இன்னொன்று, வெடிமருந்து வைத்தாலன்றி அசையாத கரும்பாறைக்குத் தனியாக ஒன்று என்று இனம் பிரித்து, ஒவ்வோர் இனத்துக்கும் கன அளவின்படி கூலி நிர்ணயித்திருந்தார்கள். இந்தப் பிரிவினையில் பூகர்ப்ப சாஸ்திரத்தின் பங்கு சொற்பம். வெட்டுகிறவன் கையில் எந்தக் கருவி இருந்தால் அந்த மண் பெயரும் என்பதைக் கண்ணால் கண்டு எழுதிய இன்ஜினீயர்களும், அவர்களுக்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே அதைத் தோள்வலியால் அறிந்திருந்த போயர்களும் மற்ற மண்வேலைக்காரர்களுமே அதை வகுத்தவர்கள்.

மண்வாரும் யந்திரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவற்றின் குதிரைசக்தியையும் எடையையும் விலையையும் வியந்து எழுதுவது வழக்கம். அந்த வியப்பு நியாயமானதே. ஆயினும், நீராவியும் டீசலும் எத்தனை வலிமையைக் கொடுத்தாலும், மண்ணைத் தொடுவது யந்திரக் கையின் நுனியில் மாட்டியிருக்கும் உறுப்பு ஒன்றுதான் ஆகையால், ஒப்பந்தக்காரனுடைய லாபமும் நஷ்டமும் அந்த நுனியிலேயே தீர்மானமாகின்றன என்பதும், இந்தத் தொழிலின் உண்மையான சரித்திரம் அந்த நுனியின் சரித்திரமே என்பதும் என்னுடைய உறுதியான அபிப்பிராயம். மண்ணை முதலில் விசாரித்து அதற்கேற்ற உறுப்பைப் பூட்டியவர்கள் சிறிய யந்திரங்களைக் கொண்டும் காரியத்தை முடித்தார்கள். விசாரியாதவர்களுக்குப் பிரமாண்டமான யந்திரங்களும் உதவவில்லை.

அமெரிக்காவில் ரயில் பாதைகள் பரவத் தொடங்கிய 1830-களில், ஒப்பந்தக்காரர் குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் ஓடிஸ் என்ற இளைஞர், நீராவியால் இயங்கும் மண்வெட்டி ஒன்றை அமைத்து, 1839-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அதற்குப் பேடண்ட் உரிமை பெற்றார். அதே வருஷம் நவம்பரில், இருபத்தாறே வயதில், அவர் இறந்துபோனார். தண்டவாளத்தின் மேல் நிற்கும் ஒரு வண்டி, அதில் ஒரு கொதிகலன், முன்னால் நீட்டிய ஒரு மரக்கை, அந்தக் கையின் நுனியில் இரும்பால் ஆன ஓர் அகப்பை, இவைதாம் அந்த யந்திரம். அகப்பையின் உதட்டில் பற்கள் இருந்தன. அதன் அடிப்பாகம் கதவுபோல் திறக்கும்படி அமைந்திருந்தது. கீழிருந்து மேலாக மண்சுவரைச் சீவிக்கொண்டு எழும் அகப்பை, நிறைந்ததும் வண்டியின் மேல் திரும்பி நிற்க, ஒரு கயிற்றை இழுத்தால் அடிக்கதவு திறந்து மண் கொட்டிவிடும். அதன் பிறகு ஏறக்குறைய நூறு வருஷ காலம் உலகம் முழுவதும் வழங்கிய நீராவி மண்வெட்டிகளெல்லாம் இந்த அமைப்பின் வாரிசுகளே. எனினும் ஓடிஸின் காலத்தில் அதை வாங்க ஆள் அதிகமில்லை. அயர்லாந்திலிருந்து பசிக்குத் தப்பி வந்த கூலியாட்கள் மிக மலிவாகக் கிடைத்தபோது, யந்திரத்துக்கு நிலக்கரி போட ஒப்பந்தக்காரர்களுக்கு மனம் வரவில்லை. மலிவான மனிதக் கை இருக்கும் இடத்தில் யந்திரக் கை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது பின்னால் பல தேசங்களிலும் நடந்த கதை.

சூயஸ் கால்வாய் இதற்கு ஒரு நல்ல திருஷ்டாந்தம். 1859-ல் தொடங்கிய அந்த வேலையை முதல் சில வருஷங்கள் எகிப்தியக் குடியானவர்கள் கட்டாய உழைப்பாகக் கூடையாலும் கையாலும் செய்தார்கள். அந்தக் கட்டாய உழைப்பு நிறுத்தப்பட்ட பிறகே, மனிதர்கள் கிடைக்காத நெருக்கடியில், போரெல், லவாலே என்ற இரண்டு பிரெஞ்சு ஒப்பந்தக்காரர்கள் பெரிய தூர்வாரும் யந்திரங்களைக் கொண்டுவந்து மிஞ்சிய வேலையின் பெரும்பகுதியை முடித்தார்கள். கூவ்ரோ என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர் அதே தத்துவத்தை உலர்ந்த நிலத்துக்குக் கொண்டுவந்தார். முடிவில்லாத ஒரு சங்கிலியில் வரிசையாகப் பக்கெட்டுகள் கோக்கப்பட்டிருக்கும். சங்கிலி சுழலச் சுழல ஒவ்வொரு பக்கெட்டும் சரிவைச் சிறிது சீவி, மேலே வந்து கவிழ்ந்து, மறுபடியும் கீழே இறங்கும். மணலும் மென்மையான மண்ணும் நிறைந்த சூயஸில் இதைவிடப் பொருத்தமான உறுப்பு இருந்திருக்க முடியாது. கால்வாய் 1869-ல் திறக்கப்பட்டது. அந்த வேலையை முன்னின்று நடத்திய லெஸ்ஸெப்ஸின் பெயர் உலகப் பிரசித்தம் ஆயிற்று.

அந்த வெற்றியே பின்னால் ஒரு விபரீதத்துக்கு வித்தாயிற்று. 1881-ல் லெஸ்ஸெப்ஸின் கம்பெனி பனாமாவில் வேலை தொடங்கியபோது, சூயஸில் கைகொடுத்த சங்கிலிப் பக்கெட் யந்திரங்களும் அங்கே கப்பலேறிப் போயின. பனாமாவின் மண் சூயஸின் மண் அன்று. குலேப்ரா என்ற மலைமுதுகில், கடினமான பாறையும், மழையில் நனைந்தால் பசையாகிவிடும் களிமண்ணும், சரிந்து சரிந்து வந்து வெட்டிய பள்ளத்தையே மூடிவிடும் இளகிய அடுக்குகளும் மாறி மாறிக் கிடந்தன. சங்கிலிப் பக்கெட் யந்திரத்தின் பெருங்குறை, பெருங்கல் ஒன்று குறுக்கிட்டால் அதற்கு வழிவிடத் தெரியாததுதான். ஒரு பக்கெட் சிக்கினால் சங்கிலி முழுவதும் நின்றுவிடும். களிமண்ணோ பக்கெட்டின் உட்புறத்தில் அப்பிக்கொண்டு, கவிழ்த்தாலும் விழ மறுக்கும். பிரெஞ்சுக் கம்பெனி 1889-ல் திவாலானதற்கு மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும், பூட்டுமடைகள் இல்லாமல் கடல்மட்டத்திலேயே கால்வாய் வெட்ட வேண்டுமென்ற பிடிவாதமும், பணத்தைக் கையாண்ட விதமும் முதன்மையான காரணங்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்கள் அங்கே மாண்டார்கள். ஆனால் அந்தக் காரணங்களின் பக்கத்திலேயே, ஓர் ஊரில் ஜயித்த உறுப்பை இன்னோர் ஊரின் மண்ணைக் கேளாமலே கொண்டுபோன தவற்றையும் எழுதிவைக்க வேண்டும்.

அதே வருஷங்களில் இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று நடந்தது. 1887-க்கும் 1894-க்கும் இடையில் வெட்டப்பட்ட மான்செஸ்டர் கப்பல் கால்வாயின் நீளம் முப்பத்தாறு மைல். அதை ஒப்பந்தம் எடுத்த தாமஸ் வாக்கர், செவர்ன் ஆற்றின் அடியில் ரயில் சுரங்கம் அமைத்து முடித்த அனுபவசாலி. இந்தக் கால்வாயின் வழியில் ஓரிடத்தில் சேறும் வண்டலும், ஓரிடத்தில் கெட்டிக் களிமண்ணும், ஓரிடத்தில் செம்மணற்கல்லும் வருவதைக் கண்ட அவர், ஒரே வகை யந்திரத்தில் நம்பிக்கை வைக்கவில்லை. நூற்றை ஒட்டிய எண்ணிக்கையில் நீராவி யந்திரங்களைத் திரட்டி, மென்மையான இடங்களுக்கு ஐரோப்பாக் கண்டத்துச் சங்கிலிப் பக்கெட் யந்திரங்களையும், இறுகிய களிமண்ணுக்கு லிங்கன் நகரத்து ரஸ்டன் கம்பெனியின் அகப்பை யந்திரங்களையும், குறுகிய பள்ளங்களுக்கும் தண்ணீர் நின்ற இடங்களுக்கும் கிரேன்களில் தொங்கும் கிராப்களையும் அவர் பகிர்ந்து கொடுத்தார். பாறை வந்த இடத்தில் வெடி வைத்த பிறகே அகப்பை போயிற்று. கால்வாய் முடிவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1889-லேயே காலமானார். ஆயினும், யந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது மண்ணைப் படிப்பதின் இரண்டாம் பாகமே என்பதை இவ்வளவு பெரிய அளவில் செய்து காட்டிய முதல் ஒப்பந்தக்காரர் என்று நான் அவரையே மதிக்கிறேன்.

கிராப் என்ற உறுப்பின் பிறப்பு சுவையானது. ஸ்பெயின் தேசத்து வீகோ விரிகுடாவில் பழைய காலத்துப் புதையல் கப்பல்கள் மூழ்கிக் கிடப்பதாக வெகுநாளாக ஒரு நம்பிக்கை. அந்தப் பொன்னைக் கடலடியிலிருந்து அள்ளுவதற்கென்று, 1870-களில், இங்கிலாந்தின் ஹல் நகரத்துப் பிரீஸ்ட்மன் சகோதரர்கள் இரண்டு தாடைகளாகப் பிளந்து மூடும் ஓர் அள்ளுவாயைச் செய்துகொடுத்தார்கள். பொன் கிடைக்கவில்லை. ஆனால் துறைமுகங்களில் சேறு அள்ளவும், கிணற்று அஸ்திவாரங்களின் உள்ளே மண் எடுக்கவும், கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கவும் அந்த அள்ளுவாய் உலகம் முழுவதும் பரவிற்று.

பனாமாவை அமெரிக்கர்கள் 1904-ல் ஏற்றுக்கொண்டபோது, அவர்கள் கொண்டுவந்தவை ஓடிஸின் பரம்பரையில் வந்த பெரிய அகப்பை யந்திரங்கள். அவற்றில் மிகுதியானவை பியூசைரஸ் கம்பெனியுடையவை. தொண்ணூற்றைந்து டன் எடையுள்ள ஒன்றின் அகப்பை, ஒரு வீச்சில் ஐந்து கன கெஜம் அள்ளும். 1906-ம் வருஷம் நவம்பரில் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட், கொட்டும் மழையில், அப்படிப்பட்ட ஒன்றின்மேல் ஏறி உட்கார்ந்த படம் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. ஆனால் அங்கே நான் அதிகம் போற்றுவது அந்த அகப்பையை அல்ல. ஜான் ஸ்டீவன்ஸ் என்ற தலைமை இன்ஜினீயர் ரயில்வேயில் தேர்ந்தவராகையால், குலேப்ராவின் சிக்கல் மண்ணை வெட்டுவதில் இல்லை, வெட்டிய மண்ணை அப்புறப்படுத்துவதில் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார். அகப்பை எவ்வளவு வேகமாக அள்ளினாலும், பக்கத்தில் காலி வண்டி நிற்காவிட்டால் அது சும்மா நிற்கத்தானே வேண்டும்? ஆகவே வண்டிகளுக்கும் தண்டவாளத்துக்கும் உறுப்புகள் பூட்டப்பட்டன. ஒருபுறம் மட்டும் சுவருள்ள தட்டை வண்டிகளை வரிசையாகக் கோத்து, வண்டிக்கும் வண்டிக்கும் இடையே இரும்புத் தகடு பாலமாகப் போட்டு, ஒரு பெரிய ஏர்க்கொழுவைக் கடைசி வண்டியிலிருந்து முதல் வண்டி வரைக்கும் எஃகுக் கயிற்றால் இழுப்பார்கள். இருபது வண்டி மண் பத்து நிமிஷத்தில் பக்கவாட்டில் சரிந்துவிடும். லிட்ஜர்வுட் யந்திரம் என்று அதற்குப் பெயர். சரிந்த மண்ணைப் பரப்புவதற்கு இறக்கை விரித்த வேறொரு வண்டி வந்தது. மண் மேடு விரிய விரியத் தண்டவாளத்தை நகர்த்த வேண்டுமே, அதற்கும் தண்டவாளத்தைக் கட்டைகளோடு தூக்கித் தள்ளிவைக்கும் ஒரு கிரேனை, பனாமா ரயில்வேயின் அதிகாரி பியர்ட் என்பவர் அமைத்துக் கொடுத்தார். நூற்றுக்கணக்கான ஆட்கள் நாள் முழுதும் செய்யவேண்டிய வேலையை ஒரு சிறு கூட்டம் செய்தது. இவ்வளவும் அமைந்த பிறகுதான் 1910 மார்ச் மாதத்தில் 123-ம் எண் யந்திரம் இருபத்தாறு நாட்களில் எழுபதினாயிரம் கன கெஜத்துக்கு மேல் அள்ளிச் சாதனை செய்ய முடிந்தது. 1913 மே மாதம் 20-ந் தேதி, இரண்டு பக்கங்களிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்த 222-ம் எண்ணும் 230-ம் எண்ணும் குலேப்ராவின் அடிமட்டத்தில் ஒன்றையொன்று சந்தித்தன.

அகப்பையின் பல்லைப் பற்றி இங்கே சொல்லாமல் போவது பிழை. பல் என்பது கையகலமுள்ள ஓர் எஃகுத் துண்டு. தேய்ந்தால் கழற்றி வேறொன்று மாட்டுவது. ஆனால் முழு யந்திரத்தின் வலிமையும் அந்தக் கையகலத்தின் வழியாகவே மண்ணுக்குள் போகிறது. ஷெஃபீல்டு நகரத்து ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882-ல் கண்டுபிடித்த மாங்கனீசு எஃகு, அடிபட அடிபட மேற்பரப்பு இறுகும் விசித்திரமான குணமுடையது. பாறையில் மோதும் பல்லுக்கு அது பெரிய வரப்பிரசாதம். மோதலே இல்லாமல் கூர்மணலில் ஓயாமல் உரசும் பல்லுக்கோ அந்தக் குணம் பயன்படாது. இறுகுவதற்கு அடி விழவில்லையே! ஆகவே எந்தப் பல் நல்ல பல் என்று கேட்டால், எந்த மண்ணுக்கு என்ற எதிர்க்கேள்வி இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

முதல் உலகயுத்தத்துக்குப் பிந்திய இருபது முப்பது வருஷங்களில் ஒரு புதிய எண்ணம் வலுத்தது. கீழ்ச்சட்டமும் எஞ்சினும் ஒன்றாகவே இருக்க, முன்பக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் ஒரே யந்திரம் பல வேலை செய்யாதா? ரஸ்டனும் பியூசைரஸும் 1930-ல் கூட்டுச் சேர்ந்து லிங்கனில் செய்த யந்திரங்களும், அவற்றின் போட்டியாளர்களுடைய யந்திரங்களும் அப்படித்தான் விற்கப்பட்டன. கல்குவாரியில் தரையில் நின்று மேல்நோக்கி வெட்டுவதற்கு முன்னகப்பை. கரையின்மேல் நின்று காலடிக்குக் கீழே சாக்கடையும் அஸ்திவாரமும் தோண்டித் தன்பக்கம் இழுப்பதற்குப் பின்னிழுக்கும் அகப்பை. சாலைப் படுகையை மெல்லியதாகச் சீவி மட்டப்படுத்துவதற்குப் பூம் என்ற நீள்கையின் மேலேயே சறுக்கிப் போகும் ஸ்கிம்மர். செங்குத்தான குழிக்குக் கிராப். இரும்பு தூக்கக் கொக்கி. முளை அடிக்கச் சம்மட்டி. இவற்றோடு, சிகாகோ ஒப்பந்தக்காரரான ஜான் பேஜ் 1904-ல் கால்வாய் வேலைக்காக அமைத்த டிராக்லைனும் சேர்ந்துகொண்டது. நீண்ட பூமிலிருந்து எஃகுக் கயிற்றில் தொங்கும் பக்கெட்டைத் தொலைவில் வீசி எறிந்து, இன்னொரு கயிற்றால் யந்திரத்தை நோக்கி இழுப்பது அது. யந்திரம் உலர்ந்த கரையில் பத்திரமாக நிற்க, பக்கெட் மட்டும் சேற்றுக்குள் போய்வரும். ஆற்று வேலைக்கு அதற்கு இணையில்லை. ஆனால் பக்கெட்டின் சொந்த எடை ஒன்றைத் தவிர அதை மண்ணுக்குள் அழுத்துவது வேறெதுவும் இல்லையாதலால், கெட்டி மண்ணில் அது மேலே மேலே வழுக்கிக்கொண்டு வரும்.

அந்தக் காலத்து ஒப்பந்தக்காரர் இவற்றுள் எதையெதை வாங்குவது என்று வெகுநேரம் யோசித்ததில் ஆச்சரியமில்லை. பூமையே இறக்கி வேறு பூம் ஏற்றி, கயிறுகளை உருவி வேறு கப்பிகளின் வழியே கோத்து, பிரேக்குகளைச் சரிபார்த்து முடிப்பதற்கு மணிக்கணக்கில் ஆகும். தூக்கிப் பிடிக்க இன்னொரு கிரேனும் வேண்டும். அந்த நேரமெல்லாம் கூலி ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே மாற்ற முடியும் என்பது விற்பனைத் தாளில் ஒரு வாசகமாக இருந்ததே தவிர, பெரும்பாலான யந்திரங்கள் வாங்கியபோது பூட்டிய உறுப்போடேயே வயதாகிப்போயின.

டிராக்டரின் கதையும் இதே பாதையில்தான் சென்றது. 1923-ல் கான்சாஸ் மாநிலத்து மொரோவில் என்ற சிற்றூரில், கம்மிங்ஸ் என்ற விவசாயியும் மெக்லியட் என்ற வரைபடக்காரரும் எண்ணெய்க் குழாய்ப் பள்ளங்களை மூடுவதற்காக டிராக்டருக்கு முன்னால் ஒரு தகட்டைப் பூட்டினார்கள். கலிபோர்னியாவில் தாமே மண்வேலை ஒப்பந்தக்காரராக இருந்து நொந்த லெட்டூர்னோ, இழுத்துச் செல்லும் ஸ்கிரேப்பர்களையும் அவற்றை இயக்கும் கயிற்று யந்திரத்தையும் செய்தார். டிராக்டர் செய்த கம்பெனிகள் நெடுங்காலம் டிராக்டரை மட்டும் செய்துகொண்டிருக்க, அதற்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் வெளியே இருந்த இந்த மண்வேலைக்காரர்களே.

தமிழ்நாட்டில் இந்தப் பாடம் மிகக் கடுமையாகப் படிக்கப்பட்ட இடம் நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியாருடைய நிலத்தில் கிணறு தோண்டியபோது கரும்பொருள் வெளிவந்ததும், பூகர்ப்ப ஆராய்ச்சிகளுக்குப் பிறகு 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பொரேஷன் ஏற்பட்டதும், 1957 மே மாதம் 20-ந் தேதி ஜவஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்ததும் பலரும் அறிந்தவை. அந்தப் பழுப்பு நிலக்கரியை அடைவதற்கு அதன்மேல் கிடந்த மண்ணை அகற்ற வேண்டும். அந்த வேலைக்கு மேற்கு ஜெர்மனியிலிருந்து சக்கரப் பக்கெட் யந்திரங்கள் வந்தன. ஒரு பெரிய சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிலும் பக்கெட்டுகள். சக்கரம் சுழன்றபடியே சுவரைச் சீவ, பெல்ட் மண்ணைச் சுமந்து போகும். ஒரு பக்கெட்டின் கொள்ளளவைக் கொண்டு முந்நூற்றைம்பது லிட்டர், எழுநூறு லிட்டர் என்றே அவற்றை அங்கே அழைத்தார்கள். ஜெர்மனியின் இளகிய மண்ணில் பழகிய யந்திரங்கள் அவை. நெய்வேலியின் மேல்மண்ணோ கடலூர் மணற்கல். கடினமானது, அரம்போல் உராய்வது. பற்கள் நம்பமுடியாத வேகத்தில் மழுங்கின. மழுங்கிய பல் மண்ணை வெட்டாமல் தேய்க்கும். தேய்க்கத் தேய்க்கச் சக்கரமும் கையும் அதிரும். அதிர்ச்சி யந்திரத்தின் எலும்புக்கூடு வரை போகும். நிலக்கரிக்கு அடியிலிருந்து முட்டும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இந்தச் சங்கடத்தையும் சமாளிக்க வேண்டியிருந்தது. மணற்கல்லில் துளையிட்டு, முன்கூட்டியே வெடி வைத்துத் தளர்த்திய பிறகு சக்கரத்தை விடுவது என்ற முறை அங்கே உருவாயிற்று. பல்லின் முனைக்கு எந்த உலோகம் பூசுவது, எப்படி வெல்டிங் செய்வது என்பது தொழிற்சாலையின் அன்றாட ஆராய்ச்சி ஆயிற்று. 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தபோது, அந்த வெற்றியில் பல் மாற்றிய வெல்டர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அவர்களைப் பற்றி யாரும் விரிவாக எழுதாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

இனி ஹைட்ராலிக் யுகம். கயிற்றுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. எண்ணெய் நிரம்பிய சிலிண்டருக்கு இரண்டும் தெரியும். இந்த ஒரு வித்தியாசத்தால் யந்திரக் கைக்கு முதன்முதலாக மணிக்கட்டு உண்டாயிற்று: பக்கெட்டை உள்ளே மடக்கலாம், வெளியே விரிக்கலாம், வேண்டிய கோணத்தில் பல்லை ஊன்றலாம். 1948-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலபைனென், ஹாண்டி என்ற இருவர் ஃபோர்டு டிராக்டரின் பின்னால் ஹைட்ராலிக் தோண்டுகையைப் பூட்டி விற்றார்கள். 1953-ல் இங்கிலாந்தின் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு ஒரே டிராக்டரில் முன்னால் வாரும் பக்கெட்டையும் பின்னால் தோண்டும் கையையும் சேர்த்தார். அவருடைய பெயரின் மூன்று முதலெழுத்துகளை நம் கிராமத்துக் குழந்தைகளும் இன்று சொல்கின்றன. ஜெர்மனியின் டெமாக் கம்பெனி 1954-ல் முழுதும் ஹைட்ராலிக்காக இயங்கும் யந்திரத்தை வெளியிட்டது. பிரான்ஸின் பொக்லைன் 1961-ல் வெளியிட்ட யந்திரம் முழு வட்டம் சுழன்றது. சங்கிலிச் சக்கரத்தில் ஓடும் எந்தக் கம்பெனி யந்திரத்தையும் நம்மூரில் பொக்லைன் என்றே சொல்கிறோம்.

ஹைட்ராலிக்கின் இரண்டாவது கொடை இதைவிடப் பெரியது என்பேன். பக்கெட்டைக் கழற்றிவிட்டு, எண்ணெய் போகும் ஹோஸ் ஒன்றும் வரும் ஹோஸ் ஒன்றும் கையின் நுனிவரை நீட்டினால், அந்த நுனியில் மாட்டும் உறுப்பு தனக்கென்று ஓர் இயக்கம் பெறும். 1967-ல் ஜெர்மனியின் குருப் கம்பெனி இந்த வழியில் பாறை உடைக்கும் சம்மட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் வெடி வைக்க முடியாத ஊர்நடுவில் பாறை வந்தால், கம்ப்ரஸர் வண்டியை நிறுத்தி, ஆட்கள் ஜாக்ஹாமரைத் தங்கள் உடம்பால் அழுத்திப் பிடித்து, எலும்பு அதிர உடைக்க வேண்டியிருந்தது. அந்தத் துன்பத்தை யந்திரக் கை வாங்கிக்கொண்டதை நான் இந்தச் சரித்திரத்தின் மிக நல்ல திருப்பமாகக் கருதுகிறேன்.

பிரேக்கர் என்று வழங்கும் இந்தச் சம்மட்டியைத் தேர்ந்தெடுப்பதில் இன்றும் பலர் தவறுகிறார்கள். பெரிய பிரேக்கர் அதிகம் உடைக்கும் என்று எண்ணிச் சிறிய யந்திரத்தில் பூட்டினால், கை நீட்டிய நிலையில் யந்திரம் முன்னால் சாயும். பம்ப் கொடுக்கும் எண்ணெய் போதாமல் அடியும் மெலிந்து விழும். பெரிய யந்திரத்தில் சிறிய பிரேக்கரைப் பூட்டினால், ஆபரேட்டர் அறியாமலே கொடுக்கும் அழுத்தத்தில் உளியும் புஷ்ஷும் உடையும். உளி பாறையின் முகத்துக்கு நேர்செங்குத்தாக நிற்க வேண்டும்; அரை நிமிஷம் அடித்தும் பிளவு காணாவிட்டால் இடத்தை மாற்ற வேண்டும், அதற்குமேல் அடித்தால் தூள்தான் எழும்பும், உளியின் முனை சூடேறி மழுங்கும். உடைந்த கல்லைப் பிரேக்கரின் பக்கத்தால் புரட்டுவது வேலையிடங்களில் நாள்தோறும் காண்பது. குழம்புக் கரண்டியால் அடுப்பு விறகைக் கிளறுவது போன்ற அந்த அவசரத்துக்கு விலையாக இணைப்புப் போல்ட்டுகள் அறுந்துபோகின்றன. நல்ல ஆபரேட்டர் இறங்கி வந்து பாறையின் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, ஓரத்திலிருந்து தொடங்குவார்.

உறுப்பை விரைவில் மாற்றும் வசதியும் வந்தது. மின்னசோட்டா மாநிலத்துக் கெல்லர் சகோதரர்கள் 1957-ல், வான்கோழிப் பண்ணை ஒன்றில் எச்சம் வாருவதற்காகச் செய்த சிறு லோடர் பின்னால் பாப்கேட் என்று பெயர் பெற்று, 1970-களில் உறுப்பைச் சில நிமிஷங்களில் மாற்றும் இணைப்போடு வந்தது. பெரிய யந்திரங்களுக்கும் குயிக் கப்ளர் வந்தது. ஆபரேட்டர் தம் இடத்தை விட்டு இறங்காமலே பக்கெட்டை விடுத்துப் பிரேக்கரைப் பிடிக்கலாம். இறங்காமலே என்ற அந்த வசதியில் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. பிரிட்டனில் ஒருவகைக் கப்ளர்களுக்குப் பாதுகாப்புப் பின்னை ஆபரேட்டர் இறங்கிவந்து தம் கையால் செருக வேண்டியிருந்தது. அதைச் செருகாமல் வேலை செய்ததில் பக்கெட் கழன்று, கீழே பள்ளத்தில் நின்ற தொழிலாளிகள் மேல் விழுந்து, உயிர்கள் போயின. தானாகவே பூட்டிக்கொள்ளும் அமைப்புகள் அதன் பிறகு வற்புறுத்தப்பட்டன.

நம் நாட்டில் 1979-ல் ஹரியானாவின் பல்லப்கரில் ஜேசிபி தொழிற்சாலை ஏற்பட்டதற்குப் பிந்திய காலத்தில், யந்திரம் ஒப்பந்தக்காரரின் கொட்டகையிலிருந்து வெளியேறி, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பொருளாயிற்று. ஏரியைத் தூர்வாரும் ஊர்க்காரர்களும், கிணறு ஆழப்படுத்தும் விவசாயியும், வீட்டு அஸ்திவாரம் தோண்டும் குமாஸ்தாவும் அதை அழைக்க முடிந்தது பெரிய நன்மை. ஆனால் அந்த மாற்றத்தில் ஒரு பொறுப்பு இடம் மாறிவிட்டது. கன அளவில் கூலி வாங்கிய நாளில், வெட்டிய குழியின் நடுவே வெட்டாமல் விட்டுவைத்த மண்திட்டை அளந்து பணம் கொடுத்தார்கள். பொருத்தமில்லாத கருவியைக் கொண்டுவந்தவனுக்கே அதன் நஷ்டம். மணிக்கணக்கு வந்த பிறகு, பொருத்தமில்லாத பக்கெட்டின் நஷ்டம் அதை வாடகைக்கு எடுத்தவன் தலையில் விழுகிறது. பாறைக்கென்று செய்த குறுகலான பல் பக்கெட்டால் வாய்க்கால் வண்டலை வாரினால், வாய்க்காலின் அடியும் கிழியும், பல்லிடுக்கில் சேறும் ஒழுகும், மணியும் ஓடும். பல் இல்லாத அகலமான பக்கெட் அதே வேலையை மிகக் குறைந்த நேரத்தில் வழவழப்பாக முடித்துவிடும். அந்தப் பக்கெட் வண்டிக்காரரிடம் இருக்கிறதா என்று கேட்கவேண்டும் என்பதே எத்தனையோ விவசாயிகளுக்குத் தெரிவதில்லை. தெரிந்து கேட்டாலும், ஒரே ஒரு பக்கெட்டோடு யந்திரம் வாங்கிக் கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கும் சொந்தக்காரரிடம் வேறு பக்கெட் இருப்பதில்லை. பஞ்சாயத்து யூனியனோ, விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமோ வட்டாரத்துக்கு ஒன்றாக அகலப் பக்கெட்டுகளை வாங்கி வைத்து, வாடகை வண்டிகளுக்குப் பூட்டிக் கொடுக்கும் ஏற்பாடு செய்தால், தூர்வாரும் செலவு பெரிதும் குறையும் என்று நான் நம்புகிறேன். பக்கெட்டை மாட்டும் பின்னின் அளவும் ஆர்ம் அகலமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவதால், அந்த வட்டாரத்தில் ஓடும் வண்டிகள் எவையெவை என்று முதலில் கணக்கெடுத்துக்கொள்வது அவசியம்.